முன்வரிசைக்குத் தெரியாதது

என் வாய்தான் என்னை மாட்டிவிட்டது. தொண்ணூறாம் வருடப் பாதுகாப்பு வாரத்தில், எங்கள் கம்பெனி கேன்டீனில் பேச்சுப் போட்டி நடந்தது. ஏழு பேர் மேடையேறி, 'பாதுகாப்பே உயிர், உயிரே பாதுகாப்பு' என்று மாற்றி மாற்றிக் கத்தினார்கள். ஏழாவது ஆள் முடிக்கும்போது நான் பின்வரிசையிலிருந்து, "இதுக்கு ஊட்ல படுத்துத் தூங்கியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். மெல்லத்தான் சொன்னேன். ஆனால் பிரஸ் ஷாப் இரைச்சலில் எட்டு வருடம் வேலை பார்த்தவன் மெல்லச் சொன்னாலும் மற்றவர்களுக்கு அது கூப்பாடுதான். அடுத்த வருடம் போட்டிக்கு டிபார்ட்மெண்டுக்கு ஒரு ஆள் கேட்டபோது எங்கள் ஃபோர்மேன் அய்யாசாமி யோசிக்கவே இல்லை.

"தங்கவேலு பேரை எழுதிக்கோ. அவனுக்குத்தான் வாய் நீளம்."

அம்பத்தூர் எஸ்டேட்டில், சைக்கிள் டைனமோவுக்குத் தகர மூடி அடிக்கும் கம்பெனி எங்களுடையது. அந்த வருடம் ஜானகிராமன் என்று புதிதாக ஒரு பெர்சனெல் ஆபீசர் வந்திருந்தார். அவருக்கும் அந்தக் கத்தல் பிடிக்காது போலிருக்கிறது. நோட்டீஸ் போர்டில் புது விதி எழுதிப் போட்டார். இனிமேல் கோஷம் கிடையாது, தகவல் பேச்சு மட்டும்தான். ஐந்து நிமிடம். கேட்பவர் உள்ளே வரும்போது தெரியாத ஒரு விஷயம் வெளியே போகும்போது தெரிந்திருக்க வேண்டும். பேச்சு முடிந்ததும் கூட்டத்தில் பத்து பேருக்குச் சீட்டு கொடுத்து, 'புதிதாக என்ன தெரிந்துகொண்டீர்கள்?' என்று எழுதி வாங்குவார். அந்தச் சீட்டுதான் மார்க்.

படித்ததும் எனக்கு ஜிவ்வென்று ஏறிவிட்டது. இதைத்தானே நான் கேட்டேன்! மூன்று வருடமாகக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகும் டூல் ரூம் டிபார்ட்மெண்ட்காரர்களை இந்தத் தடவை ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். கையில் மூன்று வாரம் இருந்தது. தலைப்பு மட்டும்தான் இல்லை.

பட்டாபிராமிலிருந்து காலை ரயில் வண்டியில் நானும் எட்மண்டும் சேர்ந்துதான் போவோம். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி அவன் வீடு. கம்பெனியிலும் என் பக்கத்து பிரஸ் அவனுடையது. வீட்டில் இருக்கும் நேரத்தைவிட அவன் பக்கத்தில் நிற்கும் நேரம்தான் எனக்கு அதிகம். அதனால் தலைப்புகளை அவனிடம் சொல்லிப் பார்த்தேன்.

"ஷாக் அடிச்சவனைக் கையால தொடக்கூடாது. கட்டையால தள்ளணும்."

"தெரியும் மாமே. அப்பால?"

"எண்ணெய் பத்திகினா தண்ணி ஊத்தக்கூடாது."

"தெரியும். எம் பொஞ்சாதி தெரசாவுக்கே தெரியும்."

"வௌவாலு காதாலதான் வழி கண்டுபுடிக்குது."

"அது தெரியாது" என்றான். நான் சீட்டிலிருந்து எழுந்தேவிட்டேன். அவன் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தான். "தெரிஞ்சிகினு நான் இன்னா பண்றது? வௌவாலை நைட் ஷிப்டுக்கு எடுக்கச் சொல்லி யூனியன்ல பேசப் போறியா?"

பெட்டி முழுக்கச் சிரித்தது. ஆவடியில் ஏறியவர்கள்கூட என்னவென்று தெரியாமல் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அம்பத்தூர் வரை அவனோடு பேசவில்லை. ஆனால் அவன் சொன்னதில் இருந்த நியாயம் உறைத்தது. நான் நல்லதென்று நினைத்த தலைப்பெல்லாம் ஒன்று எல்லோருக்கும் தெரிந்ததாக இருந்தது, இல்லாவிட்டால் தெரிந்தும் பிரயோஜனம் இல்லாததாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று எங்கோ இருக்க வேண்டும். கேலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி எழுதி அடித்ததில் பதினோரு தலைப்பு காலியாகிவிட்டது.

பன்னிரண்டாவது தலைப்பு எனக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்வதற்கு முன்னால் பிரஸ்ஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மேலே கனமான இரும்பு, கீழே அச்சு. அச்சில் தகரத்தை வைத்தால் மேலிருப்பது இறங்கி ஒரே அடியில் மூடியாக்கிவிடும். இறங்குவதற்கு, வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக இருக்கும் இரண்டு பட்டனையும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்குள் இருக்க முடியாது. அதைக் கண்டுபிடித்தவன் நல்ல புத்திசாலி.

எட்மண்ட் அவனைவிடப் புத்திசாலி. இடது பட்டனை அமுக்கி, அதன் ஓரத்து இடுக்கில் ஒரு தீக்குச்சியைச் சொருகிவிடுவான். பட்டன் அமுங்கியபடியே நிற்கும். அப்புறம் வலது கை ஒன்றே போதும், இடது கை பாட்டுக்குத் தகரத்தை வைத்துக்கொண்டே இருக்கலாம். போர்டில் மணிக்கு ஐந்நூற்றைம்பது மூடி என்று டார்கெட் எழுதியிருந்தது. இரண்டு கையாலும் அமுக்குகிற நான் நானூறைத் தாண்டியதில்லை. எட்மண்ட் அறுநூறு அடிப்பான். மாதா மாதம் போர்டில் அவன் பெயர்தான் முதலில் இருக்கும். ஷாப்பில் பாதிப் பேர் அவனிடம்தான் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டார்கள். ஆபீசர் தலை தெரிந்தால் குச்சி பறந்துவிடும்.

நான் மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். ஒரு தடவை கெஞ்சினேன், இரண்டு தடவை திட்டினேன். "உனக்குச் சொருவத் தெரியல, அதான் பொறாமை" என்றான்.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது அது நடந்தது. டொக்கென்று ஒரு சத்தம், அடி கொஞ்சம் மாறிக் கேட்டது. திரும்பினேன். எட்மண்ட் இடது கையை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நடுவிரல் நகத்தின் நுனி இல்லை. ரத்தமும் இல்லை. நகம் மட்டும், கத்தரித்த மாதிரி, நேராகப் போயிருந்தது.

"பாத்தியா மாமே, நகம் வெட்டிக்கினேன்" என்று சிரித்தான். ஒரு நெல்மணி தூரம் தள்ளியிருந்தால் அறுந்த விரல்களோடுதான் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்போம். "நாயே!" என்று கத்திவிட்டு, கையிலிருந்த எண்ணெய்த் துணியை அவன் மூஞ்சியில் எறிந்தேன். அவன் அதற்கும் சிரித்தான். ஐந்து நிமிடத்தில் புதுக் குச்சி சொருகிவிட்டான்.

அய்யாசாமியிடம் போனேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "நான் எதையும் பாக்கல. நீயும் பாக்கல. மேல கேக்கறது டார்கெட்டு. அதை எவன் கொடுக்கறான்?"

அன்று சாயந்திரம் வீட்டில் சோறு இறங்கவில்லை. என் மனைவி அங்கம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவளும் முகப்பேரில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்ப்பவள். டார்கெட் என்றால் என்னவென்று அவளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

"பேசாம மேனேஜராண்ட போய்ச் சொல்லேன்" என்றாள்.

"இன்னான்னு சொல்றது? அவன் பேரைச் சொன்னா காட்டிக்கொடுத்தவன் ஆயிடுவேன். பேரைச் சொல்லாகாட்டி நம்பமாட்டாரு. குச்சி மேட்டர் அவருக்கு இன்னா தெரியும்?"

சொல்லிவிட்டு அப்படியே நிறுத்தினேன். கேலண்டர் தாளை எடுத்தேன். கேன்டீனை வரைந்தேன். பின்னால் பெஞ்சுகளில் முந்நூறு பேர். அவர்களுக்குத் தீக்குச்சி தெரியும். முன்வரிசையில் கை வைத்த நாற்காலிகள் நான்கு. ஒர்க்ஸ் மேனேஜர் பாஸ்கரன், ஜானகிராமன், இன்னும் இரண்டு பெரிய ஆபீசர்கள். அந்த நான்கு பேருக்குத் தெரியாது! இத்தனை நாள் நான் முந்நூறு பேருக்குத் தெரியாததைத் தேடிக்கொண்டிருந்தேன். என்ன மடத்தனம்! தெரிய வேண்டியவன் யார், அவனுக்கு எது தெரியாது என்றல்லவா பார்த்திருக்க வேண்டும்?

"கெடச்சிடுச்சிடி!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் ரேடியோவை நிறுத்திவிட்டார்கள். யாரையும் சொல்லாமல், 'பட்டனை ஏமாற்றுவது எப்படி' என்று வித்தையை மட்டும் செய்து காட்டினால் போதும். பார்த்த மேனேஜர் சும்மா இருக்க முடியாது.

அங்கம்மா என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தாள். "பேரு சொல்லாகாட்டியும் வெசயம் வெளிய வந்தா எட்மண்டு அண்ணனுக்கு மெமோ வருமே. அப்பால தெரசா மூஞ்சில நான் எப்டி முழிக்கறது?"

"வரும்."

"மெமோ மூணு நாள்ல போயிடும்" என்றாள் அவளே. "வெரலு போனா வராது. போய்ப் பேசு."

எலக்ட்ரீஷியன் வரதனைப் பிடித்தேன். ஒரு பழைய பட்டன் பெட்டியை எடுத்து, இரண்டு பட்டனையும் அமுக்கினால் மட்டும் எரிகிற மாதிரி ஒரு சிவப்பு பல்பை மாட்டிக் கொடுத்தான். எதற்கென்று கேட்டதற்கு, பாதுகாப்புக்கு என்றேன். பத்து நாளும் எட்மண்ட் வண்டியில் தலைப்பு கேட்டு நச்சரித்தான். நான் வாயைத் திறக்கவில்லை. என்னால் பேசாமல் இருக்க முடியும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

மார்ச் நான்காம் தேதி. கேன்டீனில் காற்றாடிகள் சுற்றியும் வேர்த்துக் கொட்டியது. டூல் ரூமிலிருந்து அந்தோணிராஜ், தீயணைக்கும் மணல் வாளியைப் பற்றிப் பேசினான். நன்றாகத்தான் பேசினான். மணலைச் சலித்துக் காய வைக்காவிட்டால் கட்டி பிடித்துவிடும் என்றான். பாவி, எனக்கே அது தெரியாது. அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

பெட்டியை மேசையில் வைத்தேன். உள்ளே ஒரு குதூகலம். திருவிழாவில் ராட்டினம் கிளம்பும் முன்னால் வருமே, அது. "ஐயா, இது பிரஸ்ஸு பட்டன். ரெண்டையும் அமுக்குனா பல்பு எரியும். பல்பு எரிஞ்சா மேல இருக்கற இரும்பு எறங்குதுன்னு அர்த்தம்" என்று அமுக்கிக் காட்டினேன். முன்வரிசை தலையாட்டியது. "இப்ப ஒத்தக் கையால எறக்கிக் காட்டறேன்."

சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தேன். பின்பெஞ்சுகளில் பேச்சு நின்றுவிட்டது. அய்யாசாமி முகம் வெளுத்தது. எட்மண்டைப் பார்க்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இடது பட்டனை அமுக்கி, குச்சியைச் சொருகினேன்.

குச்சி ஒடிந்தது.

இரண்டாவது குச்சியும் ஒடிந்தது. மூன்றாவது நின்றது, ஆனால் கையை எடுத்ததும் பட்டன் துள்ளிக் குச்சி கீழே விழுந்தது. எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், செய்ததில்லை. பட்டனுக்கு எந்தப் பக்கம் இடுக்கு என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாஸ்கரன் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான்காவது குச்சி ஒடிந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று வாரத்துத் தேடல், பத்து நாள் வாய்ப்பூட்டு, எல்லாம் ஒரு தீக்குச்சியில் போகப் போகிறது.

"அய்யே! அப்டி இல்ல மாமே!"

எட்மண்ட். பெஞ்சைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டான். தன் வித்தையை ஒருவன் மேடையில் நின்று இப்படிக் கொலை செய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார அவனால் முடியவில்லை. இரண்டே எட்டில் மேடைக்கு வந்தான். "தள்ளு. மருந்துப் பக்கம் உள்ள போவக்கூடாது, அடிப்பக்கம் போவணும். கீழ்ப்பக்கம் இடுக்கு கீது பாரு, அங்க. பல்லு குத்தற மாரி லேசா." சொருகினான். பட்டன் கும்மென்று நின்றது. வலது கையால் தட்டினான். பல்பு எரிந்தது. தட்டினான், எரிந்தது. இடது கையைப் பெட்டிக்கு முன்னால் நீட்டி, இல்லாத தகரத்தை வைத்து எடுத்துக் காட்டிக்கொண்டே, பட்பட்டென்று தட்டினான். என்ன வேகம்! எனக்கே கைதட்டத் தோன்றியது.

ஏழெட்டுத் தடவை தட்டிய பிறகுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான். பாஸ்கரன் சார் எழுந்து நின்றுகொண்டிருந்தார். எட்மண்டின் கை பட்டன்மேலேயே நின்றுவிட்டது. சிவப்பு பல்பு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

"இதை எத்தனை நாளா செய்யறீங்க?" என்றார் பாஸ்கரன் சார்.

எட்மண்ட் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் தாங்கிக்கொண்டேன், வேறு வழியில்லை.

"எதுக்காகச் செய்யறீங்க?"

மாட்டிக்கொண்டவனுக்கு வரும் தைரியம் எட்மண்டுக்கு வந்தது. "ரெண்டு கையால அமுக்குனா நானூறுதான் சார் வரும். போர்டுல ஐந்நூத்தம்பது எழுதி வச்சிகீறீங்க. வராகாட்டி திட்டறீங்க. நீங்களே வந்து அடிச்சிப் பாருங்க சார், வருதான்னு!"

பாஸ்கரன் சார் மேடையில் கிடந்த ஒடிந்த குச்சிகளைப் பார்த்தார், எட்மண்டின் இடது கையைப் பார்த்தார். நகம் இன்னும் முழுசாக வளரவில்லை. "சரி, வாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

போட்டியாவது ஒன்றாவது! முந்நூறு பேரும் அவர் பின்னால் பிரஸ் ஷாப்புக்கு ஓடினோம். வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவர் எட்மண்டின் பிரஸ்ஸில் நின்றார். ஜானகிராமன் கடிகாரத்தைப் பிடித்தார். பத்து நிமிடம். போர்டுக் கணக்குப்படி தொண்ணூற்றிரண்டு மூடி விழ வேண்டும். பாஸ்கரன் சார் வியர்க்க விறுவிறுக்க முப்பத்தெட்டு அடித்தார். அடுத்து என்னை நிறுத்தினார்கள். பின்னால் இருந்து ஆட்கள் உசுப்ப, நாக்கைக் கடித்துக்கொண்டு, என் பிழைப்பிலேயே இல்லாத வேகத்தில் அடித்தேன். அறுபத்தாறு. அதற்கு மேல் இரண்டு கையால் வராது, எந்தக் கொம்பனாலும் வராது. பாஸ்கரன் சார் சாக்பீஸ் கேட்டார். தானே போர்டுக்குப் போய் ஐந்நூற்றைம்பதை அழித்து நானூறு என்று எழுதினார். ஷாப்பே கூரை அதிரக் கத்தியது. அய்யாசாமிகூடக் கைதட்டினார். மறுவாரம், குச்சி நுழைய முடியாதபடி எல்லாப் பட்டனையும் சுற்றி இரும்பு வளையம் போட்டுவிட்டான் வரதன்.

கோப்பை? டூல் ரூமுக்குத்தான். பிரஸ் ஷாப்பிலிருந்து திரும்பியதும் என் பேச்சுக்குப் பத்து பேர் எழுதிக் கொடுத்த சீட்டை ஜானகிராமன் என்னிடம் காட்டினார். பத்தும் எங்கள் ஆட்கள் எழுதியவை. 'புதிதாக ஒன்றும் இல்லை.' 'எல்லாருக்கும் தெரிந்ததுதான்.' ஒருவன், 'தங்கவேலுக்குத்தான் தெரியவில்லை' என்று எழுதியிருந்தான். முன்வரிசையில் உட்கார்ந்தவர்களுக்குச் சீட்டுக் கொடுக்கும் வழக்கம் விதியில் இல்லையாம்.

எட்மண்டுக்கு மூன்று நாள் சஸ்பென்ஷன். விதி விதிதான் என்றார்கள். மேனேஜரிடம் போய்ச் சண்டை போட்டேன், நடக்கவில்லை. அந்த மூன்று நாளும் வண்டியில் தனியாகப் போனேன். இரண்டாம் நாள் தெரசா வந்து, ஒரு தூக்கு நிறைய மீன் குழம்பை அங்கம்மாவிடம் கொடுத்துவிட்டு, "அவருக்குத் தெரியாது, சொல்லிடாத" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

நான்காம் நாள் காலை பட்டாபிராம் பிளாட்பாரத்தில் எட்மண்ட் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் டிபன் பையைக் கீழே வைத்துவிட்டு நேராக வந்தான்.

"வேணும்னேதானே குச்சிய ஒடச்ச? நான் எழுந்து வருவேன்னு தெரிஞ்சிதானே ஒடச்ச?"

"சத்தியமா இல்லடா. எனக்குச் சொருவத் தெரியல."

அவனுக்கு அதுதான் தாங்கவில்லை. "ஒம்போது வருசமா பக்கத்துல நின்னுகினு, இதுகூடத் தெரியாதா உனக்கு? த்தூ!" என்று பாய்ந்து இரண்டு கையாலும் என் கழுத்தைப் பிடித்துவிட்டான். சுற்றி நின்றவர்கள் "ஏய், உடுப்பா, உடு!" என்று கூச்சல் போட்டார்கள். நான் கையைத் தூக்கவில்லை. கழுத்தின் அந்தப் பக்கம் நான்கு, இந்தப் பக்கம் நான்கு, தொண்டைக்குழியில் கட்டைவிரல் இரண்டு. மூச்சு முட்டியது, கண்ணில் தண்ணீர் வந்தது, சிரிப்பை மட்டும் அடக்க முடியவில்லை.

"இன்னாடா சிரிக்கற?" என்று அவன் உலுக்கினான்.

"ஒண்ணுமில்ல மச்சான்" என்றேன். "பத்தும் கீது."